காணி உறுதியும் மன உறுதியும்

தமிழில் சரித்திர நாவல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கோட்டைகளும் கொடிகளும் குதிரைகளுமே. கல்கியின் 'சிவகாமியின் சபத'மும் 'பொன்னியின் செல்வ'னும் பல்லாயிரம் வாசகரைச் சரித்திரத்தின்பால் ஈர்த்தன என்பதை எவரும் மறுக்கார். ஆயினும், அந்த அரண்மனைக்கு நெல் குற்றியவள் யார், அந்தப் படைவீரன் திரும்பாதபோது அவன் குழந்தைகளை வளர்த்தவள் யார் என்னும் வினாக்களுக்கு அவ்வகை நாவல்களிற் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. உழைக்கும் மக்களின் வாழ்வே வரலாற்றின் உட்பொருள் என்ற நோக்கு வேறொரு வழியில் வந்தது. 1953-ஆம் ஆண்டில் ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' நெசவாளரை நாவலின் நடுவிடத்துக்குக் கொணர்ந்தது. ராஜம் கிருஷ்ணன் 1979-இல் உப்பளத் தொழிலாளரை எழுதினார். 1991-இல் வெளிவந்த 'பாதையில் பதிந்த அடிக'ளில், தஞ்சை உழவரைத் திரட்டிய மணலூர் மணியம்மாளின் வாழ்வையே நாவலாக்கினார். மன்னனின் மகளுக்கு உரிய இடத்தில் மக்களின் தோழி வந்து நின்றாள்.

இப்போது மற்றோர் ஆர்வம் நம்மிடையே வளர்ந்துவருகிறது. தன் குடும்பத்தின் கதையை, குறிப்பாகத் தன் பாட்டியின் கதையை, நாவலாக எழுத வேண்டும் என்பதே அது. இது வரவேற்கத்தக்கது. எழுதப்பட்ட வரலாறு புறக்கணித்தவர்களைக் குடும்ப நினைவு காத்துவைத்திருக்கிறது. எனினும் இவ்வகை எழுத்திற் பதுங்கியுள்ள ஓர் இடரையும் நாம் கவனித்தல் வேண்டும். பாட்டி துன்பம் பட்டாள், பொறுத்தாள், கலங்காது நின்றாள், பிள்ளைகளை ஆளாக்கினாள் என்று கதை முடிந்துவிடுகிறது. வாசகர் கண்ணீர் விடுகிறார். அவள் எதன்மேல் காலூன்றி நின்றாள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. மன உறுதி என்பது சிலருக்கு இயல்பிலேயே வாய்த்த வரம் என்பதுபோலப் பேசப்படுகிறது.

இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற நிலம் ஈழத்தின் கிழக்குக் கரையில் உள்ளது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எனத் தொடரும் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களும், அவற்றின் இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் முதலான தமிழ் ஊர்களும் சேர்ந்ததே அப்பகுதி. இலங்கைத் தமிழில் 'உறுதி' என்ற சொல்லுக்கு மனத் திண்மை என்பதோடு காணிப் பத்திரம் என்ற பொருளும் உண்டு. இந்தக் கரையின் பெண்களுடைய வரலாற்றில் இவ்விரு பொருள்களும் பிரிக்க இயலாதவை என்பதே நாம் இங்கே சொல்ல விரும்புவது.

முதலில் அந்த ஊர்களின் அமைப்பை நோக்குவோம். கிழக்கே கடல், மேற்கே நீண்டு பரந்த வயல், இடையில் ஒடுங்கிய மணற் பரப்பில் நெருங்கிய வளவுகள். வேளாண்மைக் காலத்தில் ஆண்கள் வயலுக்குச் சென்று வாடிகளில் தங்குவர். கடலை நம்பிய ஆண்களோ கடலுக்குச் செல்வர். ஆகவே ஊர் என்பது நாளின் பெரும்பகுதியிற் பெண்களின் பொறுப்பில் இருந்தது. கிடுகு பின்னியதும், பன்பாய் இழைத்ததும், நெல்லை அவித்து உலர்த்திக் குற்றி அரிசியாக்கியதும், அப்பம் சுட்டு விற்றதும், சீட்டுப் பிடித்துச் சிறுபணம் சேர்த்ததும் அவர்களே. மருதமுனையின் கைத்தறியிற் பெண்களின் உழைப்பும் கலந்தது. இவற்றுள் எதுவும் போடியார்களின் கணக்கேடுகளிற் 'தொழில்' என்று பதியப்பட்டதில்லை.

இனி, அந்த வளவு யாருடையது? இவ்வூர்களில் முஸ்லிம்களும் தமிழரும் 'குடி' எனப்படும் தாய்வழிப் பிரிவுகளைக் கொண்டவர்கள். பிள்ளை தாயின் குடியைச் சேரும். மகனும் தாயின் குடியினனே. ஆனால் அவனுடைய பிள்ளைகள் அவன் மனைவியின் குடியினர். திருமணமானதும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருகிறான். பெண் தன் தாயைப் பிரிந்து செல்வதில்லை. மூத்த மகளுக்குத் தாங்கள் குடியிருந்த வீட்டையே சீதனமாகக் கொடுத்துவிட்டு, பெற்றோர் மற்றப் பிள்ளைகளுடன் அதே வளவிலோ அண்டை வளவிலோ வேறொரு வீடு கட்டிச் செல்வதும் வழக்கம். அடுத்த மகளுக்கு அந்த வீடு. இவ்வாறு, ஒரு தெருவில் அடுத்தடுத்துள்ள வீடுகளின் உரிமையாளர் ஒரு தாயும் அவள் மகள்மாரும் அவர்களின் மகள்மாருமாக அமைந்துவிடுவர். அக்கரைப்பற்றில் 1969 முதல் களஆய்வு நடத்திய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இம்முறையை விரிவாக எழுதியிருக்கிறார்.

உலகில் இது தனித்த விந்தை அன்று. சுமாத்திராவின் மினாங்கபாவு மக்கள் முஸ்லிம்களாயிருந்தும் தாய்வழி மரபினர். வட மலபாரின் மாப்பிள்ளைமாரிடையே தாய்வழித் தறவாடுகள் இருந்தன. தமிழகத்திற் காயல்பட்டினத்திலும் மகளுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டில் வாழ்வதும் ஊர் வழக்கம். இந்து சமுத்திரத்தின் கரைகளில், ஆண்கள் நெடுநாள் வெளியே சென்றுழைத்த ஊர்களில், வீடு பெண்ணிடம் நிலைத்து நின்றதைப் பல இடங்களிற் காண்கிறோம்.

இம்மரபின் தோற்றத்தைப் பற்றி மட்டக்களப்பு வட்டாரத்தில் ஒரு பழங்கதை வழங்குகிறது. முக்குவருக்கும் திமிலருக்கும் போர் மூண்டபோது முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்றார்களாம். வெற்றிக்குப் பின் கைம்மாறாக முக்குவர் தம் பெண்களை அவர்களுக்கு மணம் செய்து கொடுத்தார்களாம். அப்பெண்களின் வழியே குடிகள் வந்தனவாம். இக்கதையின் உண்மை பொய்யை ஆராய்வதிலும், அது சொல்லப்படும் முறையை ஆராய்வதே நமக்கு உதவும். போரிட்ட கூட்டத்தாருக்குப் பெயர் உண்டு; தோற்றோடிய கூட்டத்தாருக்குப் பெயர் உண்டு. ஒரு சமூகத்தின் மூதாதையராகிய அப்பெண்களுக்குப் பெயர் இல்லை. அவர்கள் கொடுக்கப்பட்டவர்கள், அவ்வளவே. குடி பெண் வழியே வருகிறது. கதை ஆணின் வாயிலிருந்து வருகிறது.

எழுத்து வரலாறும் இதே தன்மையதுதான். 1626-ஆம் ஆண்டளவில், போர்த்துக்கீசர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களைக் கண்டியரசன் செனரத் கிழக்குக் கரையிற் குடியேற்றினான் என்று படிக்கிறோம். அவர்கள் ஏறக்குறைய 4,000 பேர் என்று சொல்லப்படுகிறது. அவர்கள் வருமுன்பே அக்கரையில் முஸ்லிம்கள் இருந்தனர் என்பதும், வந்தவர்கள் அங்குள்ள பெண்களை மணந்திருக்கக்கூடும் என்பதும் எண்ணத்தக்கவை. தலைகளை எண்ணியவர் உண்டு. வந்தவர்க்கு அடுப்பு மூட்டிக் கொடுத்தவளை எழுதியவர் இல்லை. ஒரு நாவலாசிரியர் நுழைய வேண்டிய வாசல் இதுவே.

ஆயினும் தாய்வழிக் குடி என்றவுடன் அங்கே பெண்ணரசு நிலவியது என்று எவரும் மயங்கிவிடக் கூடாது. பள்ளிவாசல் நிருவாகத்திற் குடிகளின் சார்பாக அமர்ந்த மரைக்காயர்கள் ஆண்களே. காணியின் விளைச்சலைக் கணக்கிட்டவர் தந்தை, தாய்மாமன், கணவன் என்போரே. சீதன வீட்டோடு கைக்கூலியும் கேட்கப்பட்டது. தங்கைமாருக்கு வீடு கட்டிக் கொடுக்குமுன் தன் திருமணத்தை நினைக்க இயலாத அண்ணன்மாரின் இளமை அந்தச் சுவர்களுக்குள் புதைந்திருக்கிறது. நிலமற்ற உழவனின் மகளுக்கு இம்முறை பாதுகாப்பாகவும் இருந்தது, சுமையாகவும் இருந்தது. இருந்தும், கணவன் கைவிட்டாலும் இறந்தாலும் கூரை அவளுடையது என்ற ஒன்று மட்டும் உண்மை. மணமுறிவில் வெளியேற வேண்டியவன் ஆண். குழந்தைகளுடன் தெருவில் நிற்கும் நிலை அவளுக்கு இல்லை. நாம் போற்றும் மன உறுதிக்குப் பின்னால் இந்த நான்கு சுவர்கள் இருந்தன.

அந்தச் சுவர்களைச் சட்டம் எவ்வாறு நடத்தியது? முக்குவர் வழக்கு எனப்பட்ட மட்டக்களப்பின் தாய்வழி மரபுரிமை முறையைக் கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876-ஆம் ஆண்டில் நூலாகத் தொகுத்து வெளியிட்டார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட மண உரிமை, மரபுரிமைச் சட்டத்தோடு அவ்வழக்கு நீதிமன்றத் தகுதியை இழந்தது. முஸ்லிம்களுக்கெனத் தனிச் சட்டங்கள் இருந்தன: 1806-ஆம் ஆண்டின் முகம்மதியர் சட்டக்கோவையும், பின்னர் 1931-ஆம் ஆண்டின் மரபுரிமைச் சட்டமும். இறந்தவரின் சொத்தில் மகனுக்குரியதிற் பாதியே மகளுக்கு என்பது மார்க்கச் சட்டம். கிழக்குக் கரை மக்கள் அதனை எதிர்த்து வழக்காடவில்லை. வீட்டையும் காணியின் பெரும்பகுதியையும் தாம் உயிரோடிருக்கும்போதே மகள்மாருக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்தனர். இறந்தபின் பங்கிட எஞ்சியது சிறிதே. நூலிலுள்ள சட்டத்தோடு முரண்படாமலே மக்கள் தம் வழக்கத்தைக் காத்துக்கொண்ட அறிவுத்திறம் இது.

ஆனால் அரசு காணி வழங்கத் தொடங்கியபோது இத்திறம் பயன்படவில்லை. 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரசு வழங்கும் காணிக்குரியவர் பின்னுரிமையாளரைப் பெயர் குறிக்காமல் இறந்தால் வாரிசு யார் என்று ஓர் அட்டவணை வகுத்தது. அதில் மகன்மார் முதலில். மகள்மார் அதற்குப் பின். 1949-இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றங்களிலும் இச்சட்டமே ஆண்டது. 1961-இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. மேற்கே புதிய காணிகளில் மகன் வாரிசு. கிழக்கே பழைய வளவுகளில் மகள் வாரிசு. ஒரே மாவட்டத்தினுள் இரண்டு உலகங்கள் அருகருகே நின்றன. வாரிசுரிமையில் நிலவிய இந்த ஆண், பெண் வேறுபாட்டை நீக்கிய திருத்தம் வந்தது 2022-ஆம் ஆண்டில். இடையிற் சென்ற காலம் 87 ஆண்டுகள்.

மற்றொரு முரண்பாட்டையும் குறிப்பிடல் வேண்டும். இக்கரையிற் பெண்ணின் பெயர் காணி உறுதியில் உண்டு. 1931-இல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தபின் வாக்காளர் இடாப்பிலும் அவள் பெயர் ஏறியது. ஆனால் 1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணப்பெண்ணின் கையொப்பத்தைக் கோரவில்லை. அவளுடைய பொறுப்பாளராகிய ஆண் கையொப்பமிட்டாற் போதும். வீட்டுக்கு உரிமையாளராகக் கையெழுத்திட்டவள், தன் திருமணத்திற்குக் கையெழுத்திடவில்லை. இதனை மாற்றக் கோரி இலங்கை முஸ்லிம் பெண்கள் பல பத்தாண்டுகளாகப் போராடி வந்துள்ளனர். மூத்தம்மாவின் கதையை எழுதுபவர் இந்தப் போராட்டத்தையும் அறிந்திருத்தல் நலம்.

இயற்கையும் போரும் அந்த வளவுகளை அடுத்தடுத்துத் தாக்கின. 1957-இன் வெள்ளமும் 1978 நவம்பரின் சூறாவளியும் கிழக்குக் கரையின் வீடுகளையும் தென்னைகளையும் சாய்த்தன. போர்க்காலத்தில் 1990-ஆம் ஆண்டு இரு சமூகத்துப் பெண்களுக்கும் மறக்கவொண்ணாதது. அவ்வாண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதே ஆண்டில் கல்முனைப் பகுதியிலும் மட்டக்களப்பிலும் தமிழர் கொல்லப்பட்டனர், காணாமற் போயினர். ஒரே மொழி பேசி, ஒரே குடி முறையைக் கைக்கொண்ட இரு சமூகங்களின் பெண்கள் வேலிக்கு இப்பாலும் அப்பாலும் தனித்தனியே அழுதனர். ஒரு வேலியின் அழுகையை மட்டும் எழுதும் நாவல் பாதி உண்மையைத்தான் எழுதியதாகும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த கடற்கோள் எல்லாவற்றிலும் கொடியது. இலங்கையின் மாவட்டங்களுள் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை. இறந்தோர் 10,000-க்கும் மேற்பட்டோர். ஆண்களைவிடப் பெண்களும் சிறுவர்களும் கூடுதலாக மாண்டனர் என்பதை அம்மாவட்டத்து முகாம்களில் நடந்த ஆய்வு உறுதிப்படுத்தியது. தாயும் மகள்மாரும் அடுத்தடுத்த வளவுகளில் வாழும் ஊரிற் கடல் ஒரு துண்டு நிலத்தைக் கொண்டுபோனால், அழிவது ஒரு குடும்பம் அன்று. ஒரு தாய்வழிக் கிளை முழுவதும் அழியும். வீடு தந்த பாதுகாப்பே அன்று பொறியாயிற்று.

துயரம் அதோடு முடியவில்லை. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டலாகாது என்று கிழக்கில் முதலில் விதிக்கப்பட்டது. புதிய இடங்களிற் கட்டப்பட்ட வீடுகளும் உதவித் தொகைகளும் 'குடும்பத் தலைவர்' பெயரில் வழங்கப்படலாயின. குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்று கச்சேரிப் படிவங்கள் கொண்டன. இதனால், அழிந்த வீடு மனைவியின் பெயரில் இருந்திருக்க, கிடைத்த வீடு கணவனின் பெயருக்கு மாறியது பல குடும்பங்களில் நேர்ந்தது. பெண்கள் அமைப்புகள் எதிர்த்துக் குரல் எழுப்பின. பல தலைமுறைகளாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த உரிமையைக் கடல் அழிக்கவில்லை. ஒரு படிவத்தின் ஒரு கட்டம் அழித்தது. அக்காலத்திற் கிழக்குப் பெண்களின் மனத்திண்மையைப் புகழ்ந்து அறிக்கைகள் பல எழுதப்பட்டன. மனத்தின் உறுதியைப் பாராட்டிக்கொண்டே காணியின் உறுதியைக் கைமாற்றுவது எத்தகைய நீதி?

வீடு இல்லாத பெண் என்ன செய்வாள்? 1970-களின் பிற்பகுதி தொட்டு வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றவர்களின் வாழ்வு இதற்கு விடை கூறும். பிறர் வீட்டைத் துடைத்துத் தனக்கொரு வீடு கட்டவும், தங்கைக்கும் மகளுக்கும் சீதன வீடு கட்டவும் கிழக்கிலிருந்து எத்தனையோ பெண்கள் கடல் கடந்தனர். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005-இல், 17 வயதில், வயது கூட்டப்பட்ட கடவுச்சீட்டுடன் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டாள். அவள் பொறுப்பிலிருந்த குழந்தையின் இறப்புக்காகக் குற்றஞ்சாட்டப்பெற்று, 2013 ஜனவரி 9-இல் மரணதண்டனைக்கு உள்ளானாள். முன்னாளில் அண்ணன் தலையில் இருந்த வீட்டுச் சுமை இன்னாளிற் பெண்ணின் தலைக்கே மாறியிருக்கிறது. குடும்ப வரலாற்று நாவல் பாட்டியோடு நின்றுவிடாமல் பேத்தி வரை வருமாயின், இந்த மாற்றத்தைக் காணாமல் இருக்க முடியாது.

இலக்கியம் இதுவரை என்ன செய்திருக்கிறது? இலங்கையிலிருந்து வந்த முதல் தமிழ் நாவல் எனப்படும் சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய சரித்திரம்' 1885-இல் வெளிவந்தது. அதன் நாயகன் எகிப்தின் உயர்குடியிற் பிறந்தவன். ஒரு முஸ்லிம் அறிஞரின் கற்பனை அன்று கெய்ரோவை நாடியது. சொந்தக் கரையின் கிடுகு வேலிகளை அடைய நெடுங்காலம் ஆயிற்று. சாய்ந்தமருதைச் சேர்ந்த ஆர்.எம். நௌஷாத்தின் 'நட்டுமை', கிழக்கிலங்கை முஸ்லிம் உழவரின் பழைய வாழ்வை நாவலின் களமாக்கியது. ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித் 2019-இல் வெளிவந்த 'பணிக்கர் பேத்தி'யில், யானை பிடிக்கும் பணிக்கர் மரபிற் பிறந்த ஒரு பெண், தன் உழைப்பால் எழுந்து நிற்பதைச் சொன்னார். சாய்ந்தமருதின் கவிஞர் அனார், கிழக்கிலங்கை நாட்டார் காதற் பாடல்களைத் தொகுத்து 2013-இல் வெளியிட்டார். வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964-இல் மேற்கொண்ட நாட்டார் மரபுத் தேடலை, அம்மண்ணின் பெண் ஒருத்தியே தன் கையில் எடுத்துக்கொண்டது சிறு நிகழ்ச்சி அன்று. பெயரற்ற பெண்களின் குரல் அப்பாடல்களில் இன்றும் கேட்கிறது.

இனி எழுத வருவோர்க்குச் செய்ய வேண்டிய பணி மிகுதி. சரித்திர நாவலின் உயிர் புகழ்பெற்ற வீரர்களிடத்தில் இல்லை. காலத்தின் மோதல்களைத் தம் அன்றாட வாழ்விலே தாங்கி நிற்கும் சாதாரண மாந்தரிடத்தில் உள்ளது என்று லூக்காச் 1930-களிலேயே விளக்கினார். அந்த மாந்தரை நாம் எங்கே தேடுவது? பெட்டியின் அடியில் மடித்து வைத்த காணி உறுதிகளில். காவின் பதிவுகளிற் குறிக்கப்பட்ட கைக்கூலித் தொகைகளில். 1931-க்குப் பின்வந்த வாக்காளர் இடாப்புகளில். பாடசாலைச் சேர்வு இடாப்பில் ஒரு சிறுமியின் பெயர் நின்றுபோன ஆண்டில். மூத்தம்மாவிடம் எந்த ஆண்டிற் பிறந்தீர்கள் என்று கேட்டால் விடை வராது போகலாம். எந்த வீட்டிற் பிறந்தீர்கள், அந்த வீட்டை யார் யாருக்குக் கொடுத்தார்கள், வெள்ளம் வந்தபோது உங்கள் மடியில் இருந்தது எந்தப் பிள்ளை என்று கேட்டால் ஒரு நூற்றாண்டு விரியும். அவள் காலத்தை அளப்பது வெள்ளங்களாலும் பிள்ளைகளாலும் கொடுத்த வீடுகளாலும். நாவலாசிரியர் அந்தக் கணக்கை மன்னர்களின் ஆண்டுக் கணக்கோடு பொருத்திக் காட்ட வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே தொடங்கலாம். ஒவ்வொரு மாணவனும் மாணவியும் தாய், தாயின் தாய், அவளுடைய தாய் என மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதிவரட்டும். அவர்கள் வாழ்ந்த வளவு எவ்வாறு கைமாறியது, அவர்கள் என்ன வேலை செய்தனர், அதற்கு என்ன கூலி என்பதைக் கேட்டு எழுதட்டும். கல்முனை மாணவியின் தாளையும் காரைதீவு மாணவியின் தாளையும் அருகருகே வைத்துப் படித்தால், இரு ஊர்களும் ஒரே வழக்கத்தை எவ்வளவு காலம் பகிர்ந்துகொண்டன என்பதைப் பிள்ளைகள் தாமாகவே உணர்வர். எந்த மேடைப் பேச்சும் தராத ஒற்றுமைப் பாடம் அது.

மூத்தம்மாவைத் தெய்வமாக்கி விளக்கேற்றுவது எளிது. அவள் செய்த வேலையைக் கணக்கிட்டு, அவளுக்கு இருந்த உரிமையையும் மறுக்கப்பட்ட உரிமையையும் எழுதுவது கடினம். கடினமானதையே எழுத்தாளரிடம் நாம் கேட்கிறோம். மன உறுதியைப் பேத்திக்குப் பாடமாகச் சொல்லுமுன், காணி உறுதியில் அவள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையெனில், நாம் எழுதத் தொடங்க வேண்டிய இடம் அதுவே.